பழம்படக் கடையின் அகவமைப்பு

கடையின் அகத்தை அணிசெய்தல் விற்பனையைப் பெருக்கும் உபாயமே என்பர் பலர். துணிக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் அஃது ஒருவாறு பொருந்தும். பழைய அச்சுப் படங்களை விற்கும் கடைக்கோ அது போதாது. அங்கே சுவரும் விளக்கும் சட்டமும் பொருளை விற்பதற்கு முன்னர் அதனைக் காத்தற்குக் கடமைப்பட்டவை என்பது எம் துணிபு.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளைச் சென்ற விடுமுறையிற் கண்ணுற்றோம். செட்டிநாட்டு மாளிகைகளினின்று வந்த மரத்தூண்கள், எனாமல் அடுக்குகள், பித்தளைக் கலங்கள் ஆகியவற்றினிடையே இரவிவர்மா படங்களும் இருந்தன. அவ்வோவியர் 1848ஆம் ஆண்டிற் பிறந்து 1906இல் மறைந்தவர். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவியவர். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல்லாகப் பல கற்களில் எழுதி, ஒன்றன்மே லொன்றாகப் பதித்து, வார்னிஷ் பூசி, எண்ணெய்ச் சித்திரம்போலத் தோன்றச் செய்தனர். ஏழையர் இல்லத்துச் சுவரும் சித்திரம் தாங்கியது இதனாலேயாம். பின்னர் வேறிடம் பெயர்ந்து நடந்த அவ்வச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. இனி அழியும் படத்திற்கு ஈடாக அங்கிருந்து மற்றொன்று வருவதற்கில்லை.

இத்தகைய படத்திற்கு ஒளியே நண்பனும் பகைவனும் ஆம். ஒளியின்றேல் வாங்குவார் காணார், ஒளி மிகின் நிறம் வெளுக்கும், வெளுத்தது மீளாது. காட்சிச் சாலைகள் தாளோவியங்களுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி தருவது இதுபற்றியே. ஆதலின் வெயில் புகும் வாயிலருகே பித்தளையும் மரமும் நிற்க, படங்கள் உட்சுவரில் தொங்குதல் வேண்டும். கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடையே அட்டை விளிம்பு வேண்டும். பின்புறத்து மரப்பலகை தாளைப் பழுப்பாக்கும். அதனை நீக்கி அமிலமற்ற அட்டை இடுதல் நன்று. ஈரச் சுவரைச் சட்டம் ஒட்டாதிருக்கக் கீழ் மூலைகளிற் சிறு கட்டைகள் வைத்தல் தகும்.

ஒரு கடையில் இவற்றினும் மேலானதொன்றைக் கண்டோம். ஜரிகையும் மணியும் தைத்த இலக்குமி படமொன்றின் கண்ணாடியில் உலர்ந்த குங்குமம் இருந்தது. வினவினோம். “தம்பி, துடைத்தால் விலை கூடும். யார் வீட்டு ஆச்சி வைத்த பொட்டோ, எனக்குக் கை வரவில்லை” என்றார் முதியவராகிய கடைக்காரர். தெய்வப் படம் எதனையும் அவர் தரையிற் சாய்த்திலர்; யாவும் நெஞ்சளவுக்கு மேலேயே தொங்கின.

யாம் அவ்வுருவை வணங்குவோம் அல்லேம். ஆயினும் எம் பாட்டியார் இல்லத்தில் நல்மேய்ப்பர் படம் ஒன்றுண்டு. அதன்கீழ் முழந்தாளிட்டே அவர் நாள்தோறும் செபித்தார். அவர் மறைந்தபின் அவ்வில்லத்தை விற்பதென முடிவாயிற்று. பொருள்களைப் பகிர்ந்தபோது அப்படத்தை வேண்டுவார் ஒருவரும் இலர். விடுதியறையில் எமக்குச் சுவர் இல்லை. நாளை அது கடைக்குச் செல்லின், செருப்புகளின் அருகே கிடக்குமோ, உயர்ந்ததோர் ஆணியில் தொங்குமோ என்னும் கவலை எம்மை விட்டிலது.

பிறர் தொழுத பொருளை எங்ஙனம் வைக்கின்றோம் என்பதில் நம் பண்பாடு வெளிப்படும். அழகிய விளக்கும் விலையுயர்ந்த சட்டமும் பின்னர் வரலாம். படத்தின் தாளுக்கு நிழலும், அதனைப் போற்றியோர் நினைவுக்கு மதிப்பும் தருவதே அத்தகைய கடைக்கு முதல் அணியாகும்.