ஒளி பெருக்கும் கண்ணாடி

ஓலைச்சுவடியின் ஆயுள் வரம்புடையது என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஏடு சிதையுமுன் எவரேனும் ஒருவர் அதனைப் படித்துப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். படித்தவர் தவறப் படித்தால் பாடவேறுபாடு பிறக்கும். ஒளியிழைச் செய்தித் தொடர்பின் முதற்காலமும் இத்தகையதே என்று கூறினால், அறிவியல் துறை நண்பர்கள் புன்முறுவல் பூப்பர். ஆயினும் ஒப்புமை பொருந்துவதே என யாம் கருதுகிறோம்.

கண்ணாடி ஒளியை உண்ணும் இயல்புடையது. 1966ஆம் ஆண்டில் சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்கை முன்வைத்தனர். கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும், செய்தி அனுப்பலாம் என்பதே அது. அன்றிருந்த கண்ணாடிகளில் அதுவும் எஞ்சவில்லை. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்வெல்லையைக் கடந்தனர். இன்றைய இழையிலோ, 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி 100 கிலோமீட்டர் சென்றபின்னரும் நூற்றில் ஒரு பங்கு எஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் கடல் பெரிது. 200 கிலோமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். 300 கிலோமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 2002இல் செயற்பாட்டுக்கு வந்த சென்னை - சிங்கப்பூர்க் கடலடி வடம் 3000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. இடையில் துணையின்றி அனுப்பினால், எஞ்சும் பங்கை எழுத ஒன்றின்பின் அறுபது சுழிகள் இட்டு, அதனால் வகுத்தல் வேண்டும். ஒற்றை ஒளித்துகளும் கரை சேராது.

எனவே இடையிடையே ஏடெழுதுவோர் அமர்த்தப்பட்டனர். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழை வடம் 1988இல் அமைந்தது. அதன் வழிநெடுக மீளாக்கிகள் என்னும் கருவிகள் கடலடியில் இருந்தன. அவை மெலிந்து வந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றி, அஃது ஒன்றா சுழியா எனப் படித்து, புதிய ஒளியாக எழுதி அனுப்பின. ஓர் இழையில் ஒரே செய்தியோட்டம் சென்றவரை இது போதுமானதாயிருந்தது.

பின்னர் ஓரிழையிலேயே பல அலைநீளங்களை ஒருங்கே செலுத்தும் முறை வளர்ந்தது. அலைநீளப் பகுப்புப் பன்மையாக்கம் என்பது அதன் பெயர். பெயர் நீண்டது, கருத்து எளியது. 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான ஒடுங்கிய பட்டைக்குள் ஏறத்தாழ எண்பது தனித்தனி ஒளிகள் பயணம் செய்யும். நம் கண்ணுக்கு அவற்றுள் ஒன்றும் புலப்படாது, யாவும் அகச்சிவப்பு. இவற்றுக்கு மீளாக்கி வைப்பதாயின், ஒவ்வோரிடத்திலும் எண்பதையும் பிரித்து, எண்பது எழுத்தரை அமர்த்தி, மீண்டும் ஒன்றாக்கிச் செலுத்த வேண்டும். கரையில் வேகத்தை மாற்றினால் கடலடியில் உள்ள கருவி அனைத்தையும் மாற்ற வேண்டும். இது நடவாத செயல்.

விடை 1987இல் வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெசுர்வீரும் எர்பியம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே வலுப்படுத்திக் காட்டினர். எர்பியம் ஓர் அருமண் தனிமம். சுவீடனில் ஸ்டாக்ஹோம் அருகேயுள்ள இட்டெர்பி என்னும் சிற்றூரின் பெயர்கொண்ட நான்கு தனிமங்களுள் ஒன்று. 1843இல் மோசாண்டரால் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பெரிதாக எவரும் பொருட்படுத்தாதிருந்த பொருள், உலகப் பேச்சைச் சுமக்கலாயிற்று.

அது செயற்படும் விதம் அழகியது. 980 நானோமீட்டர் ஒளியை ஊட்டினால் எர்பியம் அயனிகள் உயர்நிலைக்கு ஏறி, உடனே சற்றே தாழ்ந்த ஓர் இடைநிலைக்கு இறங்கி, அங்கே நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் காத்திருக்கும். அணுவுலகில் அது மிக நீண்ட பொழுது. அவ்வேளையில் மெலிந்த செய்தியொளி கடந்துசென்றால், காத்திருக்கும் அயனி தூண்டப்பெற்று, அதே அலைநீளமும் அதே திசையும் அதே அதிர்வுநிலையும் உடைய இரட்டை ஒளித்துகளை ஈனும். ஐன்ஸ்டைன் 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கிய தூண்டு உமிழ்வே இது. எண்பது அலைநீளமும் இந்தச் சில மீட்டர் இழைக்குள் ஒருசேர வலுப்பெறும். பெருக்கி செய்தியைப் படிப்பதேயில்லை. எழுத்து இன்னதென அறியாமலேயே எழுத்தைப் பெரிதாக்கும் வித்தை!

ஊட்டிய ஆற்றலை எண்பதும் பங்கிட்டுக்கொள்ளும். எம் பகுதித் திருமண விருந்துகளில் ஒரு சகனைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து உண்பதைக் கண்டோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒருவர் எழுந்து சென்றால் அவர் பங்கு மற்றவர்க்குக் கூடும். அவ்வாறே சில அலைநீளங்கள் திடீரென நின்றுபோனால் எஞ்சியவை மிகை ஆற்றல் பெற்றுத் தடுமாறும். மேலும், 1530 நானோமீட்டரை ஒட்டிய ஒளி பிறவற்றினும் மிகுதியாக வலுப்பெறும். கையெட்டும் தூரத்தில் கறி இருப்பவர் போல. அதனைச் சமன்செய்யத் தனி வடிப்பான்கள் வைக்கப்படுகின்றன. ஒரு பெருக்கியில் சிறிதான ஏற்றத்தாழ்வு, நாற்பது பெருக்கிகளைக் கடக்கையில் மலையும் மடுவுமாகிவிடும்.

இனி, குறையைக் கூறவேண்டும். காத்திருக்கும் அயனிகளுள் சில, எவர் தூண்டுதலும் இன்றித் தாமாகவே ஒளியை உமிழ்ந்துவிடும். அவ்வொளி செய்தியன்று, இரைச்சல். அடுத்த பெருக்கி செய்தியையும் இரைச்சலையும் வேறுபாடின்றிப் பெருக்கி, தன் பங்கு இரைச்சலையும் சேர்த்து அனுப்பும். மீளாக்கி தவறப் படிக்கலாம். ஆனால் சரியாகப் படித்தால் அழுக்கை நீக்கிவிடும். பெருக்கி தவறப் படிப்பதில்லை. அழுக்கை நீக்குவதும் இல்லை. கருவியைத் திருத்தி இதனை முற்றும் ஒழிக்க இயலாது. மிகுவலுவூட்டும் நிறைவான பெருக்கியும் செய்திக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாதியாகக் குறைத்தே தீரும் என்பது குவாண்டம் விதி.

எம் வாப்பாவுக்குச் செவித்திறன் குன்றியபோது இதன் பொருள் எமக்கு நன்கு விளங்கிற்று. சிங்கப்பூரில் இருபதாண்டு உழைத்துத் திரும்பியவர். இன்று எம் தங்கை அங்கே வாழ்கிறாள். வெள்ளிதோறும் அவள் அழைப்பாள். செவிக்கருவி பொருத்திய முதல் வாரம், வாப்பா அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "பேச்சைக் கேக்கத்தானே இதை வாங்குன? இது காத்தாடியை அல்லவா கேக்க வைக்கிது!" ஒலி பெரிதாயிற்று; சொல் தெளிவாகவில்லை. மகளின் குரலைக் கேட்டு, "என்ன சொல்றா?" என்று எம்மை நோக்கித் திரும்புவார்கள். யாம் மீண்டும் சொல்வோம். பெருக்கி தோற்ற இடத்தில் மீளாக்கியாக யாமே அமர்ந்திருந்தோம். சொல்லும்போது சிலவற்றை விட்டும் சிலவற்றை மென்மையாக்கியும் சொன்னதுண்டு. ஏடெழுதினோரும் அது செய்தவரே.

துறைக் கருத்தரங்கில் 'பெருக்கி' என்னும் கலைச்சொல்லை யாம் ஆண்டபோது, இளங்கலை மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, வீட்டைப் பெருக்குவதும் பெருக்குவதுதானே?" என வினவினார். அவையோர் நகைத்தனர். நல்ல வினா அது. வளர்த்தல், கூட்டித் துப்புரவாக்கல் ஆகிய இரண்டுக்கும் தமிழில் சொல் ஒன்றே. ஒளிப்பெருக்கி முதற்பொருளில் மட்டுமே பெருக்கும். குப்பையையும் கூட வளர்க்கும். மிகைப்பி என்று ஆள்வோரும் உளர். எமக்குப் பெருக்கியே உகந்தது. அந்நகைப்பின் வாயிலாக இரைச்சல் பற்றிய பாடம் அன்று அனைவர் மனத்திலும் நின்றது.

இரைச்சலைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதற்கு நம் மண்ணோடு தொடர்பும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் கண்ட விளைவின் தூண்டப்பட்ட வடிவம், எர்பியம் ஏதும் கலவாத சாதாரண இழையையே பெருக்கியாக்குகிறது. 1450 நானோமீட்டர் ஒளியை எதிர்முனையிலிருந்து வலுவாகச் செலுத்தினால், 1550ஐ ஒட்டிய செய்தியொளி வழியிலேயே வலுப்பெறும். முற்றும் மெலிந்தபின் மருந்திடுவதினும் மெலியுமுன் ஊட்டுவது நன்று. இரைச்சல் அந்த அளவுக்கு விஞ்சாது. இராமன் விளைவைப் பாடநூலில் நிறப்பிரிகைப் படமாக மட்டும் கண்டு கடந்துவிடும் மாணவர்க்கு இச்செய்தி சொல்லப்படாதது வருத்தமே.

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 1200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உண்டு. 2020 ஆகஸ்டு 10இல் சென்னை - அந்தமான் நிக்கோபார்க் கடலடி வடம் தொடங்கப்பெற்றது. தீவுகளையும் இணைத்து அதன் நீளம் ஏறத்தாழ 2300 கிலோமீட்டர். அதற்குமுன் அத்தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அங்கிருந்து வந்து எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், அந்நாளில் வீட்டுக்குப் பேச வேண்டுமாயின் விடுதி மாடியில் இரவெல்லாம் முயன்றுகொண்டிருப்பார். சென்ற ஆண்டு, தற்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரிலிருந்து தம் முதல் வகுப்பை எமக்கு நேரலையாகக் காட்டினார். கரும்பலகையில் அவர் எழுதிய குறளில் ஓர் ஒற்று மிகாதிருந்ததும் தெளிவாகத் தெரிந்தது. உடனே சொன்னோம், உடனே திருத்தினார்.