பேர் எங்களுடையது

வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்குப் பந்து விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. தமிழ்நாட்டில் கால்பந்து என்றால் வடசென்னை. கோயம்புத்தூர் என்றால் மில்லும் மோட்டார் பம்பும்தான். இந்த எண்ணத்தோடுதான் ஆனி மாசத்து ஒரு சாயங்காலம் கோவை நேரு ஸ்டேடியத்தின் வெளியே நின்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. எங்கள் ஊரில் அந்நேரம் வியர்வைதான் வழியும்.

பக்கத்தில் ஒரு காளான் வண்டி. பொரித்த உருண்டைகளைப் பெரிய கல்லில் போட்டு, இரண்டு கரண்டியால் டக்டக்கென்று கொத்தி, மசாலாவில் புரட்டி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுத்தார் வண்டிக்காரர். வாயைச் சுட்டது, நிறுத்த முடியவில்லை.

"வெளியூருங்களாண்ணா?"

"சென்னை."

"உங்க ஊர் பேர்ல ஒரு டீம் இங்க ஆடுச்சுங்களே."

சுருக்கென்றது. "பேர் மட்டும் இல்லண்ணா. டீமே எங்களுதுதான்."

சும்மா சொல்லவில்லை. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று சென்னையில் பிறந்த சங்கம் அது. சென்னை சிட்டி எஃப்.சி.யாகி 2017-இல் தேசிய அளவிலான ஐ-லீகில் நுழைந்தபோது, முதல் சீசனைச் சென்னை நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடியது. அங்கே சென்னையின் எஃப்.சி. என்ற இன்னொரு அணி ஏற்கெனவே குடியிருந்தது. அடுத்த சீசனே இவர்கள் கோவைக்குப் பெட்டி கட்டினார்கள். இந்த ஸ்டேடியத்துக்கும் நேரு பேர்தான். வீடு மாறிப் போனவர்கள் மேல் வரும் கோபம் எனக்கு அந்த அணி மேல் இருந்தது.

அவர் விடவில்லை. 2019 மார்ச் 9 அன்று, ஐ-லீக் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு, கடை போடாமல் உள்ளே போய் உட்கார்ந்தாராம். எதிரணி மினர்வா பஞ்சாப் முதலிலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சறுக்கினால் கோப்பை அவர்களுக்குப் போகும். சென்னை சிட்டியின் மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். "அந்தப் பையன் பின்னாடி நின்னு தடுக்கறவனுங்க! அவன் போட்டானுங்க ரெண்டு!" கரண்டி காற்றில் நின்றது. ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் பட்டம். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீகை வென்றது அதுவே முதல்முறை.

அன்று நான் டிவியில் பார்த்தேன். மூன்றாவது கோலுக்குக் கத்தினேன். கத்திய கையோடு வயிறு எரிந்தது. குதித்த கூட்டத்தில் எங்கள் தெருக்காரன் ஒருவன்கூட இல்லை.

அமெரிக்கக் கால்பந்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 1976 முதல் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில்தான் ஆடுகிறது, பேர் மட்டும் நியூயார்க்கிடமே இருக்கிறது என்றேன், என் கட்சிக்கு ஆள் சேர்க்க.

"இதுல முக்காவாசி முட்டக்கோசுங்க," என்று என் தட்டைக் காட்டினார். "காளான்னு பேர் வெச்சிருக்கோம். ஆரும் சண்டைக்கு வர்றதில்லீங்க. இங்க ஆடுனாங்க, நாங்க கத்துனோம். எங்க டீமுங்க."

பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "இப்ப எங்கீங்க ஆடறாங்க? உங்க ஊருக்கே திரும்பப் போயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

கோவை அந்த அணியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் என்றுதான் நானும் அரைகுறையாக நம்பியிருந்தேன். சொல்ல வேண்டியதாயிற்று: கொரோனாவால் 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில் நடந்தது, அதற்கப்புறம் அந்த அணி ஐ-லீகில் ஆடவில்லை.

அவர் கொத்துவதை நிறுத்தினார். ஸ்டேடியம் சுவரை ஒருதரம் பார்த்தார். பிறகு என் தட்டை வாங்கினார்.

"வெங்காயம் இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களாண்ணா?"