எவ்வளவு என்று கேளுங்கள்

2011 மார்ச் மாதம் சுங்கை வேயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தடையற்ற வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள்தான் எங்கள் கடைக்குப் பாதி வியாபாரம். தலைவலி மாத்திரை, இடுப்புவலித் தைலம், பிள்ளைகளுக்குச் சளி மருந்து என்று வாங்கிப் போவார்கள். அந்த வாரம் வந்தவர்கள் எல்லாம் பீட்டாடின் கேட்டார்கள்.

“தங்கச்சி, ரெண்டு போத்தல் கொடு. கழுத்துல தடவணுமாம்.”

காயத்துக்குப் போடும் மருந்தைக் கழுத்தில் ஏன் தடவ வேண்டும் என்று கேட்டால் கைப்பேசியை நீட்டுவார்கள். ஜப்பானில் அணு உலையிலிருந்து கதிர்வீச்சு கசிந்துவிட்டது, ஆசிய நாடுகள் கவனமாக இருக்க வேண்டும், மழை பெய்தால் 24 மணி நேரம் வெளியே போகாதீர்கள், கதவு சன்னலை மூடுங்கள், கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் பீட்டாடின் தடவுங்கள் என்று அந்த எஸ்எம்எஸ் சொன்னது. தலைப்பில் பிபிசி என்று இருந்தது. பிபிசி அப்படி எதையும் அனுப்பவில்லை என்று பின்னால் மறுத்தது. ஆனால் மறுப்பை யாரும் யாருக்கும் அனுப்பி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதே செய்தி பிலிப்பைன்ஸ் முழுக்கச் சுற்றி, மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்புகளையே நிறுத்தியது. சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் கடைகளைக் காலி செய்தார்கள். பசிபிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில்கூட அயோடைடு மாத்திரை தீர்ந்துபோனது. ஆகவே சுங்கை வே அக்காமார்களைப் படிக்காதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நானும் பயந்தேன். மார்ச் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பின்னேரம் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். செரி செத்தியா கொம்யூட்டர் நிலையத்துக்கு நனைந்துகொண்டே ஓடிப் பழகியவள், அந்த வாரம் கடை ஐந்தடியில் நின்று மழை விடும்வரை காத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் தலையை இரண்டு முறை அலசினேன். கடையில் மருந்துகளுக்கு நடுவே நிற்பதால் பயம் போய்விடாது.

பயத்துக்குக் காரணம் எஸ்எம்எஸ் மட்டும் இல்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடியது. மார்ச் 12ஆம் தேதி ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் முதல் உலையின் கட்டடம் வெடித்தது. 14ஆம் தேதி மூன்றாவது உலையின் கட்டடம் வெடித்தது. அந்தச் சாம்பல் நிறப் புகை மேலே எழும் காட்சியை எத்தனை முறை காட்டினார்களோ! உண்மையில் நடந்தது இதுதான். 9.0 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் வந்த கடல் அலை மாற்று ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் நின்றதால் உலைகளைக் குளிர்விக்க முடியவில்லை. எரிபொருள் உருகியது, ஹைட்ரஜன் வாயு சேர்ந்தது, அது வெடித்துக் கூரையைத் தூக்கி எறிந்தது. மிகக் கடுமையான விபத்து, சந்தேகமே இல்லை. ஏப்ரல் 12 அன்று ஜப்பான் அரசே அதை அணு விபத்து அளவுகோலின் அதிகபட்சமான ஏழாம் நிலைக்கு உயர்த்தியது, செர்னோபிலுக்குச் சமமாக. ஆனால் ஹைட்ரஜன் வெடிப்பு அணுகுண்டு வெடிப்பு ஆகாது. படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் குண்டே வெடித்துவிட்டதாகத்தான் நினைத்தார்கள்.

எங்கள் பெரியவர்களுக்கு ஜப்பான், குண்டு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் வேறு நினைவுகள் கிளறும். ஒரு தாத்தா வாராவாரம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவார். அவருடைய தகப்பனார் ஜப்பான்காரன் ஆட்சியில் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பி வரவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகுதான் ஜப்பான்காரன் காலம் முடிந்தது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர். “அன்னைக்கு அவனுங்க மேல விழுந்தது, இன்னைக்கு நம்ம வரைக்கும் வருது” என்றார். அவரை நான் எந்த வார்த்தையால் சமாதானப்படுத்துவது?

எங்கள் கடையின் பார்மசிஸ்ட் ஒரு சீனப் பெண்மணி. எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். எங்களுடன் மலாயில் பேசுவார், சில தமிழ்ச் சொற்களும் வரும். அவர் அந்த வாரம் நடந்துகொண்ட விதத்தைத்தான் நான் இத்தனை வருடம் கழித்து எழுத வந்தேன்.

காயம் இருப்பவருக்குப் பீட்டாடின் கொடுப்பார். கழுத்துக்கு என்றால் கொடுக்க மாட்டார், உட்கார வைத்து விளக்குவார். தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்ளும். உலையிலிருந்து வரும் கதிரியக்க அயோடினை அது இழுத்துவிடாமல் இருக்க, முன்கூட்டியே நல்ல அயோடினை மாத்திரையாகக் கொடுத்து நிரப்பி வைப்பார்கள். அதுவும் உலைக்கு அருகில் இருப்பவர்களுக்கு, அரசு சொல்லும் நேரத்தில் மட்டும். தோலில் தடவுவதால் அந்தப் பலன் வராது. குடித்தால் வயிறும் தொண்டையும் புண்ணாகும், தைராய்டு நோய் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனமும் அப்போது அதைத்தான் எச்சரித்துக்கொண்டிருந்தது.

இதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு அந்த ஒரே கேள்வி வரும். “சரி மிஸ், இங்க வருமா, வராதா?”

மிஸ் வராது என்று சொல்லவே மாட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வராது என்ற ஒரு சொல்லுக்காகத்தானே வேலை முடிந்த களைப்போடு வந்து நிற்கிறார்கள், அதைச் சொல்லி அனுப்பினால் என்ன என்று தோன்றும். அணுசக்தி உரிம வாரியமும் மலேசியாவுக்கு ஆபத்து இல்லை என்று அறிவித்திருந்தது. மிஸ்ஸோ, “வரலாம். வந்தால் எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும்” என்பார். பிறகு அவருடைய கேள்வி தொடங்கும். “பெராப்பா? டி மானா?” எவ்வளவு? எங்கே?

ஓர் அக்காவின் மகனைத் தொழிற்சாலை பயிற்சிக்காக ஒசாக்காவுக்கு அனுப்பியிருந்தது. இரண்டு நாளாகத் தொலைபேசி கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் ஜப்பான் வரைபடம் முழுவதையும் சிவப்பாகப் பார்த்துவிட்டு வந்து, ரத்த அழுத்தம் எகிறி, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மிஸ் கணினியில் வரைபடத்தைத் திறந்தார். ஃபுகுஷிமாவிலிருந்து ஒசாக்கா ஏறக்குறைய 600 கிலோமீட்டர். “இங்கிருந்து பாடாங் பெசார்கூட அவ்வளவு தூரம் இல்லை, அக்கா” என்றார். பிறகு அன்றைய அளவுகளைக் காட்டினார். மார்ச் 15 அன்று மூன்றாவது உலைக்குப் பக்கத்தில் மணிக்கு 400 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பதிவானது. அங்கே சில மணி நேரம் நிற்பவர் உயிருக்கு ஆபத்து. அதே நாள் தோக்கியோவில் உச்சமாகப் பதிவானது மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. ஒரு மில்லி என்பது ஆயிரம் மைக்ரோ. இரண்டையும் சேர்த்துக் கதிர்வீச்சு உயர்ந்தது என்று ஒரே வரியில் செய்தி சொன்னால், பிள்ளையை அங்கே அனுப்பிய தாய் என்ன ஆவாள்? எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்று அந்த வரி சொல்லவில்லையே!

அந்த அக்கா வராது என்ற சொல்லைக் கேட்காமலேயே எழுந்து போனார். மகனுடன் பேசிவிட்டேன் என்று அடுத்த வாரம் வந்து சொன்னார். நான் அன்றுதான் மிஸ்ஸின் வழியை முழுதாக நம்பத் தொடங்கினேன். வெளியே யாரோ ஆபத்தே இல்லை என்று சொல்லிக் கேட்டவர்கள் மறுநாள் இன்னொரு எஸ்எம்எஸ்ஸைக் காட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். அளவைப் பார்த்துப் போனவர்கள் அப்படி வரவில்லை.

பிறகு தெரிய வந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. அணு ஆயுதச் சோதனைகளைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் நுண்ணிய அளவீட்டு நிலையங்கள் உண்டு. நம் நாட்டு நிலையம் கேமரன் மலையில் தானா ராத்தாவில் இருக்கிறது. ஃபுகுஷிமாவின் கதிரியக்கத் துகள்களின் தடயம் ஏப்ரல் மாத நடுவில் மலேசியாவிலும் பதிவானது என்று அந்த நிலையங்களின் வலையமைப்பை நடத்தும் அமைப்பு அறிவித்தது. ஆக, வந்தது! 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஒரு மாதம் கழித்து, கருவிக்கு மட்டுமே தெரியும் அளவில் வந்தது. யாருடைய உடம்புக்கும் கேடு செய்யும் அளவில் இல்லை. கடையில் நாங்கள் வராது என்று அடித்துச் சொல்லியிருந்தால், அந்த அறிவிப்பைப் படித்த ஒருவர் இனி எங்கள் பேச்சை எப்படி நம்புவார்?

எண் தெரியாமல் பயப்படும் இந்த அனுபவம் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்குப் புதிதில்லை. புகைமூட்டம் அடிக்கடி வந்துபோகும் ஊர் இது. ஆனால் பல ஆண்டுகள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை அரசு இரகசியமாக வைத்திருந்தது. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டபோதுதான் எண்களை மறுபடி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பாருங்கள், பள்ளிப் பிள்ளைக்குக்கூட 100 என்றால் என்ன, 200 என்றால் என்ன, எப்போது பள்ளி மூடும் என்று தெரியும். மூச்சுத் திணறும் நாளில்கூட மக்கள் எண்ணைப் பார்த்து முகக்கவசம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். எண்ணைக் கொடுத்தால் சனங்கள் கலவரப்படுவார்கள் என்பது என் கண்ணால் கண்டவரை தவறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பான் உலைக்காகக் கழுத்தில் மருந்து தடவத் தயாரான நாம், ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேராவில் நடந்ததை எவ்வளவு பேசினோம்? 1982 முதல் அங்கே ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கியது. தோரியம் கலந்த கழிவு குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு 1993இல் கவிழ்ந்தது. இருந்தும் 1994இல் ஆலை மூடப்பட்டது. என் பெரியம்மா பக்கத்தில் மெங்லெம்புவில்தான் இருந்தார். அந்தக் கழிவைப் பற்றி அவர் கேள்விப்பட்டதெல்லாம் அண்டை வீட்டுக்காரர்கள் வாயால்தான். வானில் எழும் புகை இருந்தால் தொலைக்காட்சி வரும். வேலிக்குள் கிடக்கும் பீப்பாய்களுக்கு வராது. செய்தியின் சத்தத்தை வைத்து ஆபத்தின் அளவை எடைபோட்டால், பக்கத்து வீட்டு ஆபத்துதான் முதலில் விடுபட்டுப் போகும்.

ஃபுகுஷிமாவிலும் மிகப் பெரிய துக்கம் திரைக்கு வெளியேதான் நின்றது. நிலநடுக்கத்திலும் அலையிலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000 பேருக்கு மேல். எங்கள் கடையில் அவர்களைப் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை. உலைதான் பேச்சு. கதிர்வீச்சால் நேர்ந்த மரணம் என்று ஜப்பான் அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியை. ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழுவும் பொதுமக்களிடம் கதிர்வீச்சால் வந்த உடல்நலக் கேடு எதுவும் புலப்படவில்லை என்று 2021இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. ஆனால் அவசரமாக ஊரைக் காலி செய்த அலைக்கழிப்பில், இடம்பெயர்ந்த வாழ்வின் நோயிலும் மனச்சுமையிலும், அந்த மாநிலத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் முதியவர்கள் அதிகம். படுக்கை நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்காக அலைய விட்டதில் உயிர் போனவர்களும் உண்டு. இதைப் படித்த நாளில் நெடுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அளவு தெரியாத பயத்தால் உயிர் போகும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமா நிலையத்தில் சுத்திகரித்த நீரை ஜப்பான் கடலில் விடத் தொடங்கியபோது, மறுபடி எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் மீன் வாங்காதே, உப்பு வாங்கி வை என்று வந்தது. நம் சுகாதார அமைச்சு ஜப்பானிய உணவுப் பொருள்களுக்குப் பரிசோதனையைக் கூட்டியது. சோதனையில் என்ன அளவு கிடைத்தது என்று எத்தனை பேர் தேடிப் படித்தோம்?

இனி இது வெளிநாட்டுக் கதையாக மட்டும் இருக்கப்போவதில்லை. 2010இல் நம் நாட்டில் இரண்டு அணுமின் நிலையங்கள் கட்டத் திட்டம் போட்டார்கள். ஃபுகுஷிமாவுக்குப் பின் அது தளர்ந்து, 2018இல் வேண்டாம் என்று அப்போதைய பிரதமர் மகாதீர் சொன்னார். 2025இல் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று வாதிடும் நாள் வரும். அந்த வாதத்தில் நம் சனங்கள் வெறும் பயத்தோடும் போகக் கூடாது, வெறும் நம்பிக்கையோடும் போகக் கூடாது.

அதனால் தமிழ் வானொலியில், நாளிதழில், தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கதிர்வீச்சுச் செய்தி எதுவானாலும் அளவையும் அலகையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மில்லியா மைக்ரோவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு மனிதர் ஓர் ஆண்டில் இயற்கையாகவே வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிசீவர்ட், அதைப் பக்கத்தில் போடுங்கள், கேட்பவருக்கு ஒப்பிடத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த முறை அப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், இன்னொருவருக்கு அனுப்புமுன் எவ்வளவு, எங்கே, யார் அளந்தது என்று அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.