மேப்பை மாற்றுமுன் ராடை நினையுங்கள்

போன வாரம் எடப்பாடியில் ஒரு பட்டறையில், வளைந்துபோன கனெக்டிங் ராடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சித்தப்பா மகனுடைய டீசல் கார். ரீமேப், அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றும் வேலை, செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. மனசு கனத்துப்போச்சு.

ரீமேப் செய்யும்போது டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டுகிறோம். சிலிண்டருக்குள் ஏறும் அந்த அழுத்தத்தை பிஸ்டனும் ராடும் பேரிங்கும்தான் தாங்க வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க்கை அள்ளிக் கொடுத்தால் ராடு வளையும்.

பெட்ரோல் எஞ்சினில் ஆர்பிஎம்மைக் கூட்டினால் ஆபத்து வேறு. ராடை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6,000-ஐ 7,200 ஆக்கினால் வேகம் கூடுவது 20 சதவீதம், இழுவிசை கூடுவது 44 சதவீதம். பந்தய எஞ்சின்களில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனும் ஃபோர்ஜ்டு ராடும் போடுவது இதற்காகத்தான்.

தறி ஓடும் நம் ஊருக்கு இது புரியாததா? புல்லியை மாற்றித் தறியின் வேகத்தைக் கூட்டினால், நாடாவை அடிக்கும் கட்டைதானே முதலில் முறியும்!

முறையாகச் செய்தவர்களும் உண்டு. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி காரைக் கொண்டுவந்தார்கள். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன். எஞ்சினோடு நிற்காமல் சஸ்பென்ஷன், டயர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். அதுதான் முறை.

தம்பிகளா, வேக ஆசை தப்பில்லை. முதல் செலவு உள்ளே இருக்கும் இரும்புக்கு. மேப் அதற்கு அப்புறம்.