ஏற்காட்டுப் புல்லும் ஐரோப்பிய அளவுகோலும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் பேணிவரும் ஆர்க்கிட் தோட்டத்தைக் காண வருவோர், அப்பூக்களின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, காலடியில் கதிர் விரித்திருக்கும் அருகம்புல்லை மிதித்தபடியே திரும்பிச் செல்கின்றனர். ஆர்க்கிட் தன் மகரந்தத்தைத் திரளையாக்கிப் பூச்சியிடம் ஒப்படைத்துவிடுவதால் அது காற்றில் பரவி மூக்கை எட்டுவதில்லை. காற்றை நம்பிப் பூக்கும் புல்லோ தன் தூளை வெளியெங்கும் இறைக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமையும் கேழ்வரகும்கூடப் புற்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நுண்ணோக்கியில் பார்த்தால், புல்லின் மகரந்தத் துகள் ஏறக்குறைய உருண்டையாக, தடித்த விளிம்பு சூழ்ந்த ஒரே ஒரு துளையுடன் தெரியும். ஆனால் அது எந்தப் புல்லின் துகள் என்பதைத் தோற்றத்தை மட்டும் கொண்டு பிரித்தறிவது அரிது. ஆகவே, ஒவ்வாமை ஆய்வுக்காகக் கதிர் விரியும் வேளையறிந்து கொய்து, உலர்த்தி, நுண்சல்லடையில் சலித்து, வேற்றுத் தூள் கலவாமல் காக்கும் தொழிலாளரின் கவனத்தின்மீதுதான் பின்னர் நடக்கும் அளவீடு முழுவதும் நிற்கிறது. அத்தகைய உழைப்பு ஆய்வறிக்கையின் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுவது வருந்தத்தக்கது.

மகரந்தத்தை உப்புக் கரைசலில் ஊறவைத்து எடுத்த சாற்றில், ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் எவ்வளவு உள்ளது என்பதை எலைசா என்னும் சோதனை காட்டுகிறது. 96 குழிகள் கொண்ட தட்டில், குழியின் அடியில் பதித்த எதிர்ப்பொருள் அப்புரதத்தைப் பிடித்துக்கொள்ள, நொதி இணைத்த மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் வந்து ஒட்டுகிறது. நிறமூட்டும் கரைசலை விட்டதும் நீலமாகும் குழி, அமிலம் சேர்ந்ததும் மஞ்சளாகிறது. அந்த மஞ்சளின் அடர்த்தியிலிருந்தே அளவு கணிக்கப்படுகிறது. அக்கணிப்பை நம்பலாமா என்று ஆராய்வதே ஏற்புடைமைச் சோதனை: தெரிந்த அளவு புரதத்தைச் சாற்றில் கலந்து, அது குறையாமல் திரும்ப அளவில் வருகிறதா என்றும், வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு கைகள் செய்தாலும் விடை ஒத்திருக்கிறதா என்றும், வேறு புரதம் எதுவும் பொய்யாக நிறம் தருகிறதா என்றும் பார்க்கின்றனர். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நோயாளியின் தோலில் குத்திப் பார்க்கும் மருந்தின் வலிமை இதைச் சார்ந்திருப்பதால், இதில் சலுகைக்கு இடமில்லை.

ஐரோப்பாவில் ஒவ்வாமைப் புரத அளவீட்டைத் தரப்படுத்த 2001இல் தொடங்கிய கிரியேட் திட்டத்தின் வழியே, திமோத்தி என்னும் புல்லின் ஐந்தாம் தொகுதி ஒவ்வாமைப் புரதம் அளவீட்டுக்கான ஒப்பீட்டுப் பொருளாக உருப்பெற்று, 2012இல் ஐரோப்பிய மருந்துநூலின் ஏற்பையும் பெற்றது. அருகம்புல்லிலோ அந்த ஐந்தாம் தொகுதிப் புரதமே கிடையாது. எனவே அப்புரதத்தைப் பிடிக்கவென உருவாக்கி எல்லாத் தேர்விலும் தேறிய ஐரோப்பியச் சோதனைத் தட்டில் அருகம்புல்லின் சாற்றை ஊற்றினால் குழி நிறமின்றியே நிற்கும். அச்சாறு தும்மலைத் தூண்டாது என்பது அதற்குப் பொருளன்று. அருகம்புல்லின் முதன்மை ஒவ்வாமைப் புரதமான சின் டி 1ஐ அளக்க வேண்டுமானால், அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளையும் கலப்பற்ற அருகம்புல் மகரந்தத்தையும் வைத்துக்கொண்டு, மேற்சொன்ன சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும்.