பூஞ்சணம் பிடித்த முந்திரிகையும் பொன்னிற வைனும்

பாரிஸ் உணவகங்களின் குசினியில் கோப்பை கழுவிக் களைத்த கைகள் எங்கள் மத்தியில் ஏராளம். என்னுடைய கைகளும் அவற்றில் அடங்கும். சில இரவுகளில் திரும்பி வரும் கிளாஸ்களின் அடியில் தேன் நிறத்தில் ஒரு துளி மிஞ்சியிருக்கும். அந்தப் போத்தலின் விலை உன்னுடைய அரைமாதச் சம்பளம் என்று சமையற்காரர் பகிடியாகச் சொல்லுவார். போத்தலில் இருந்த பெயர் ஷத்தோ டிக்கெம். ஒரு வெள்ளை வைனுக்கு ஏன் இவ்வளவு விலை என்ற கேள்வி அன்றிலிருந்து மனதில் கிடந்தது. பல வருடங்கள் கழித்து, பிள்ளைகளின் இலையுதிர்கால விடுமுறையில்தான் அதற்கு விடை தேடிக் குடும்பமாகப் புறப்பட்டோம்.

மொன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் 2 மணித்தியாலத்தில் போர்தோ நகரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் லாங்கோன். மிகுதித் தூரத்துக்கு வாடகைக் கார் பிடித்துச் சொத்தேர்ன் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காலை வேளை. எங்கும் மூடுபனி. பக்கத்தில் நடந்துவந்த மனைவியின் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. இந்தப் பனிதான் இந்த ஊரின் செல்வம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

காட்டு நிழலில் ஓடிவரும் சிரோன் என்ற சிற்றாறு குளிர்ந்த நீரைக் கொண்டது. அது சூடு கூடிய கரோன் ஆற்றோடு கலக்கிறது. இலையுதிர்கால இரவுகளில் இதனால் பனி எழும்புகிறது. மத்தியானம் வெயில் வந்து அதைக் கலைத்துவிடுகிறது. இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதால் பொத்ரித்திஸ் என்ற பூஞ்சணம் பழத்தில் பிடிக்கிறது. அது தோலைத் துளைக்க, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பழம் சுருங்குகிறது. இனிப்பும் வாசனையும் செறிந்து நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர் இதற்கு 'உயர்குல அழுகல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் வராமல் மழையே தொடர்ந்தால் அதே பூஞ்சணம் முழு விளைச்சலையும் நாசமாக்கிவிடும்.

உரும்பிராயில் எங்கள் வளவிலும் ஒரு முந்திரிகைப் பந்தல் இருந்தது. திராட்சையை நாங்கள் அப்படித்தானே சொல்லுவோம். ஒரு குலையில் பூஞ்சணத்தைக் கண்டால் ஐயா அதை வெட்டித் தூர எறிவார். இங்கேயோ ஆட்கள் குனிந்து நின்று, பளபளக்கும் பழங்களை விட்டுவிட்டு, சுருங்கிப்போனவற்றை மாத்திரம் கையால் தெரிந்து எடுக்கிறார்கள். மற்றப் பழங்கள் பதமாகும்வரை காத்திருந்து, அதே நிரைகளுக்குப் பல தடவை திரும்பி வருகிறார்கள். ஒரு கொடியிலிருந்து கிடைப்பது ஒரு கிளாஸ் வைன்தான் என்பது இங்குள்ள கணக்கு. செமியோன், சோவிஞோன் என்ற இரண்டு இனப் பழங்களிலிருந்து செய்யும் வைனைப் புதிய ஓக் மரப் பீப்பாக்களில் ஏறக்குறைய இரண்டு வருடம் வைத்திருந்துதான் போத்தலில் அடைக்கிறார்கள்.

தோட்டத்தின் நடுவே குன்றின்மேல் கோட்டை போன்ற பழைய வீடு நிற்கிறது. சுற்றிக் காட்டியவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். 1593 முதல் இது சொவாஜ் குடும்பத்தின் கையில் இருந்தது. 1785இல் அந்தக் குடும்பத்துப் பெண்ணான பிரான்சுவாஸ் ஜோசபின், லூர்-சலூஸ் குடும்பத்தில் கல்யாணம் செய்தார். மூன்று வருடத்தில் கணவர் இறந்துவிட்டார். அடுத்து வந்தது பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக்கள் பலர் காணியையும் உயிரையும் இழந்த அந்தக் காலத்தில் இந்த இளம் விதவை தோட்டத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி, 1851இல் இறக்கும்வரை வளர்த்தெடுத்தார். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ வைன்கள் தரம் பிரிக்கப்பட்டபோது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலான தனித் தரம் இந்த ஒரு தோட்டத்துக்கு மட்டுமே கிடைத்தது. 1999இல் தோட்டம் எல்விஎம்எச் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது.

கடைசியில் ஆளுக்கொரு சிறு கிளாஸ் தந்தார்கள். மனைவி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தேனும் தோடம்பழத் தோலும் சேர்ந்தாற்போல ஒரு இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கில் மெல்லிய புளிப்பு. திகட்டவில்லை.

மகள் 2012இல் பிறந்தவள். தான் பிறந்த வருடத்துப் போத்தலை எடுத்துக் காட்டும்படி கேட்டாள். அப்படி ஒரு போத்தலே இல்லை என்றார்கள். அந்த வருடம் காலநிலை பிழைத்ததால், விளைந்தது தங்கள் பெயருக்கு ஏற்றதல்ல என்று தீர்மானித்து, ஷத்தோ டிக்கெம் என்ற பெயரில் ஒரு போத்தல்கூட விற்கவில்லையாம். 1972, 1974, 1992 உட்பட 20ஆம் நூற்றாண்டில் 9 தடவைகள் இப்படி நடந்திருக்கிறது. ஒரு வருட உழைப்பு போனாலும் பெயர் கெடக்கூடாது என்பது அவர்களுடைய வைராக்கியம். விலைக்கான காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

மகளின் முகம் வாடிவிட்டது. எங்களுக்கும் 2012 நல்ல வருடமல்ல. விசா இல்லை, நிரந்தர வேலை இல்லை, ஒற்றை அறையில் மூன்று குடும்பங்கள். ஆனாலும் அந்த வருடத்து விளைச்சல் எங்களுக்குப் பிழைக்கவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

போக விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தயங்காமல் போகலாம். அந்தக் காலைப் பனியைப் பார்ப்பதற்காகவே போகலாம்.