குற்றம் கண்ணில் இல்லை

பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டினேன் என்கிறோம். உண்மையில் கண் ஓடுவதில்லை, தத்துகிறது. முற்றத்தில் அரிசி பொறுக்கும் குருவியைப் போல ஓரிடத்தில் நின்று, கொத்தி, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடம் கவனித்துச் சொன்ன உண்மை இது. ஆங்கிலம் படிப்பவரின் கண் ஒரு தாவலில் சராசரியாக ஏழெட்டு எழுத்துகளைக் கடந்து, ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது. நிற்கும்போதுதான் எழுத்து தெரிகிறது. தாவும்போது ஒன்றும் பதிவதில்லை. ஐயமிருந்தால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கால் நொடியை நிர்ணயிப்பது யார் என்பதுதான் கேள்வி. அரிதான சொல்லில் கண் கூடுதலாகத் தங்குகிறது. பழகிய சின்னச் சொல்லைத் தாண்டியே போய்விடுகிறது. நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து பின்னோக்கிப் போகின்றன. ஆக, முன்னால் நடப்பது கருத்து, பின்னால் வருவது கண். 1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வேக வாசிப்புப் பயிற்சியும் அதன் வழிவந்தவையும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டன. பின்னால் போவது கெட்ட பழக்கம், அதை விட்டால் வேகம் கூடும் என்றார்கள். வேகம் கூடலாம்தான், ஆனால் புரிய வேண்டாமா? எலிசபெத் ஷாட்டரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கண் கடந்துபோன ஒவ்வொரு சொல்லும் திரையில் மறைக்கப்பட்டது. திரும்பிப் பார்த்தாலும் அங்கே படிக்க ஏதுமில்லை. படித்தவர்களின் புரிதல் குறைந்தது. வாக்கியம் பிடிபடாதபோதுதான் கண் திரும்புகிறது. அந்த வழியை அடைத்துவிட்டு அதைத் திறமை என்பது சரியாகாது.

இதே தவறு குழந்தைகளிடம் நடக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையின் கண் நெடுநேரம் நிற்கிறது, அடிக்கடி பின்வாங்குகிறது. உடனே, கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று நம்பி, பெற்றோர் பணத்தையும் மாதங்களையும் செலவழிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எட்டக்கூடிய எளிய பாடத்தைக் கொடுங்கள், தடுமாற்றம் வெகுவாகக் குறையும். நன்றாகப் படிக்கும் பெரியவருக்குப் புரியாத சட்டப் பத்திரத்தைக் கொடுங்கள், அவர் கண்ணும் திணறும். தடுமாற்றம் விளைவு, காரணமல்ல. பார்வைக் குறையே இருக்காதா என்றால், இருக்கலாம். அதற்குக் கண்ணாடி போட வேண்டும். ஆனால் டிஸ்லெக்சியாவைக் கண் பயிற்சி தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாகவே அறிவித்துவிட்டார்கள்.

படிப்பதில் மட்டுமல்ல, தேடுவதிலும் இதே கதைதான். ஒரு பொருள் தவறிப்போனால் “கண்ணை எங்கே வைத்திருந்தாய்?” என்று அதட்டுகிறோம். 2013இல் வெளியான ஆய்வொன்றில் டிராஃப்டன் ட்ரூவும் சகாக்களும், நுரையீரல் சி.டி. ஸ்கேனில் ஒரு கொரில்லா படத்தைச் செருகி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேடியது சிறு கட்டிகளை. 20 பேர் கொரில்லாவைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் அதன் மேலேயே நின்றிருந்தன. கொரில்லா வெறும் வித்தை, எந்த நோயாளியின் நெஞ்சில் அது இருக்கப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹெரால்ட் குண்டெல் குழுவினர் 1978லேயே மார்பு எக்ஸ்ரேயில் கட்டிகளைத் தேடவைத்துப் பார்த்திருந்தார்கள். தவறவிட்ட கட்டிகளில் கண் போகாமலே விட்டவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றின் மேல் கண் பட்டிருந்தது. சிலவற்றில் ஒரு நொடிக்கும் மேல் தங்கியும் இருந்தது. அப்படித் தங்கிய பிறகும் அங்கே ஒன்றுமில்லை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தார்.

கண் வெறுமனே பின்னால் வருவதுதான் என்றால் அதன் தடத்தை ஏன் பதிய வேண்டும்? பின்னால் வருவதாலேயே அது உதவுகிறது. வாய் சொல்லாத தயக்கத்தை அந்தத் தடம் காட்டிக்கொடுக்கிறது. குண்டெல் குழு 1990இல் மருத்துவர்களின் கண் நெடுநேரம் தங்கிய இடங்களை அதே படத்தில் வட்டமிட்டு, அவர்களிடமே மறுபடி காட்டியது. முதலில் தவறவிட்ட கட்டிகளில் சில அந்த வட்டங்களுக்குள் தென்பட்டன.